புரட்டிப் பார்க்காத தாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. போன வாரம் காந்தி மார்க்கெட்டைப் பற்றி எழுதியதில் வாழைக்காய் மண்டியையும் வெங்காய மண்டியையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன் என்று இரண்டு பேர் கார்டு போட்டிருந்தார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். வரவர எனக்கு மறதி அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த வாரம் எழுதப்போவது மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும் என்று பல வருஷம் நினைத்தது உண்டு.

ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் அச்சகம். வாசலில் ஸ்ரீரங்கத்து பஜனை கோஷ்டியின் காரியதரிசி நிற்கிறார். நெற்றியில் திருமண் வியர்வையில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. கையில் ஒரு நோட்டீஸ்.

“இந்தப் பக்கம் பாருங்கோ” என்றார் எங்கள் முதலாளியிடம். முதலாளி பார்த்தார். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் பஜனை, பக்தர்கள் திரளாக வரவும். மேலே பெருமாள் படம்.

“இப்போ இந்தப் பக்கம் பாருங்கோ” என்று அவர் தாளைத் திருப்பினார்.

பின்பக்கத்தில் உறையூர் சுருட்டுத் தொழிலாளர் கூட்டம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

“எங்க கோஷ்டி மாமி ஒருத்தி இதைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்துல ஒட்டறதுக்குப் பசை தடவப் போனாளாம். தடவறப்போதான் பாத்திருக்கா. என்ன ஓய், பெருமாளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டு சங்கம் நடத்தறேளா?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உள்ளே தாள் அடுக்குகிற பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் எப்படிப் போயிற்று என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அங்கே வந்த கதை

என் பெயர் ஆரோக்கியம். கத்தோலிக்கக் குடும்பம், பாலக்கரைக் கோயில் பங்கு. என் வீட்டுக்காரர் சூசை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நெஞ்சு பலவீனமாகி இனித் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் வேலை தேடி வந்தேன்.

முதலாளி ஸ்ரீரங்கத்து ஐயங்கார். என்னைப் பார்த்ததும் கேட்டது இரண்டே கேள்வி.

“படிக்கத் தெரியுமா?”

“எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.”

“எண்ணத் தெரியுமா?”

“தெரியும்.”

“போறும். கூட்டிப் படிக்கிறவாதான் எண்ணிக்கை தப்ப மாட்டா. நிறையப் படிச்சவா பாதியில வாசிக்க ஆரம்பிச்சுடுவா.”

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். அச்சான தாளை எண்ணுவது, மடிப்பது, நூறு நூறாகக் கட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. எண்ணுவதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து எண்ண வேண்டும். பின்பக்கம் மை அப்பியிருந்தால் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அவர் கேட்காமலே பெரிய வெள்ளிக்கிழமைக்கு எனக்கு லீவு கொடுத்தார். ஏகாதசிக்கு அவர் பட்டினி இருப்பார், எங்கள் டீயை நிறுத்த மாட்டார். அவர் சம்பளத்தில் என் குழந்தைகள் வளர்ந்தார்கள். இன்றைக்கும் இரவு ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன். ஐயங்கார் ஆத்மாவுக்கு நான் ஜெபிக்கலாமா என்று ஒரு தடவை எங்கள் சாமியாரைக் கேட்டேன். “கேட்காமல் செய்” என்றார்.

இன்னொரு சட்டம்

அந்த அச்சகத்தில் வேறெங்கும் இல்லாத இன்னொரு சட்டமும் இருந்தது. சாமி படம் அச்சான தாள் தரையில் கிடக்கக் கூடாது. குப்புறவும் கிடக்கக் கூடாது. முகம் மேலே பார்த்து உயரமான பலகையில்தான் இருக்க வேண்டும். கெட்டுப்போன தாளாக இருந்தாலும் அப்படித்தான். அதைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துக் காவிரியில் விடுவார்கள்.

எங்கள் பங்குத் திருவிழா நோட்டீஸ் ஒரு தடவை அங்கேதான் அச்சானது. மாதா படம் போட்டது. காய வைக்க இடம் இல்லாமல் அதைக் கீழே வைக்கப் போனார் மிஷின் ஓட்டுகிற பிச்சை.

“டேய், அது அவா தாயார்டா. மேலே வை” என்றார் முதலாளி.

அன்றிலிருந்து அந்தச் சட்டத்தை எல்லோரையும்விட நான்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சங்கம் எனக்கு ஆகாது

இதைப் படிக்கிறவர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சங்கம், வேலைநிறுத்தம் இதெல்லாம் ஆகாது. என் தம்பி வேலை பார்த்த ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. மழைக்காலம் முழுக்க அவன் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். முடிந்த பிறகு எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள், அவனையும் இன்னும் சிலரையும் எடுக்கவில்லை. மேடையில் அவன் தோளில் கை போட்டுப் பேசின தலைவர் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

மைக் வைத்துச் சாமி இல்லை என்று பேசுகிற கூட்டங்களும் அந்த நாளில் நிறைய. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவேன். எனக்குப் பிடித்த கட்சி எது, ஓட்டு யாருக்குப் போட்டேன் என்று எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரருக்கே சொன்னதில்லை. சத்தம் போடாமல் பேசுகிற ஆளுக்குத்தான் போட்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் சட்டென்று மாற்றுவதும் எனக்கு ஒத்துவராது. பின்னால் எங்கள் கோயிலில் லத்தீனில் இருந்த பூசையைத் தமிழில் மாற்றினார்கள். அதுவரை சாமியாரின் முதுகைத்தான் பார்த்தோம். அதன் பிறகு அவர் திரும்பி எங்களைப் பார்த்துப் பூசை வைத்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு என்னவோ கொஞ்ச நாள் ஜெபம் ஓடவில்லை.

எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர் மாணிக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விரல் நுனியில் ஈயக் கறுப்பு. நெற்றியில் ஒன்றும் கிடையாது. சாமியும் கிடையாது, சங்கம் உண்டு. ஒரு நாள் என்னிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினார்.

“சங்கத்துல சேர்ந்துடு தங்கச்சி.”

“எங்க சாமியார் திட்டுவாரு அண்ணே.”

“அவருக்கென்னம்மா. உள்ளூர்ல ஒரு சங்கம், மேல ஒரு சங்கம், அதுக்கும் மேல ரோமாபுரியில ஒரு சங்கம். அவரை யாராச்சும் வேலைய விட்டுத் தூக்க முடியுமா? நமக்குத்தான் யாரும் இல்ல.”

பிச்சை விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரண்டு நாள் மாணிக்கண்ணனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, “சரி, ரோமாபுரிய வாபஸ் வாங்கிக்கிறேன், நூல் கண்டக் குடு” என்றார்.

ஆடியில் வந்த வேலை

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வராது. மிஷின் சும்மா நிற்கும். அந்த வருஷம் பஜனை கோஷ்டி நோட்டீஸ் ஒன்று வந்தது. அடித்து முடித்து, காய்வதற்காகப் பலகையில் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்போதுதான் மாணிக்கண்ணன் சுருட்டுத் தொழிலாளர் கூட்ட நோட்டீஸைக் கொண்டுவந்தார்.

வேறு மாதமாக இருந்தால் முதலாளி தொட்டிருக்க மாட்டார். ஆடி என்பதால் சரி என்றார். அச்சுக் கோத்து மிஷினில் ஏற்றிய பிறகுதான் முழுக்கப் படித்தார். நடுவில் ஒரு வரி இருந்தது. எனக்கு நினைவிருக்கிற வரை இப்படி: “சாமி பேரைச் சொல்லி வேலை வாங்குகிறவர்கள், கூலி கேட்டால் மட்டும் சாமியிடம் கேட்கச் சொல்கிறார்கள்.”

“இந்த வரியை எடு” என்றார் முதலாளி.

“இருக்கிறதுலயே நல்ல வரி அதுதான் முதலாளி.”

“நன்னாத்தான் இருக்கு. அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் மாணிக்கண்ணன் அந்த வரியின் எழுத்துக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அந்த வரி இல்லாமல்தான் நோட்டீஸ் வெளியே போயிற்று.

ஆனால் அதற்கு முன்னாலேயே பிச்சை சோதனைக்காகச் சில தாள் ஓட்டிவிட்டார். மை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க முதலில் பழைய தாளில் முப்பது நாற்பது ஓட்டுவது வழக்கம். ஆடியில் வேலையே இல்லாததால் பழைய தாளும் இல்லை. பஜனை நோட்டீஸில் மை கொஞ்சம் மங்கலாக விழுந்து, காவிரிக்கென்று ஒதுக்கியிருந்த தாள்கள் இருந்தன. பிச்சை அதை எடுத்துப் பின்பக்கத்தில் ஓட்டினார். பின்பக்கம் வெறும் காகிதம்தானே என்று நினைத்திருப்பார்.

ஓட்டிக் காய்ந்த பிறகு அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெருமாள் முகம் குப்புறக் கிடக்கிறதே என்று எல்லாவற்றையும் திருப்பி, முகம் மேலே வைத்து, உயரமான பலகையில் கொண்டுபோய் வைத்தார். நல்ல நோட்டீஸ் கட்டும் அந்தப் பலகையில்தான் இருந்தது. அவருக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. மாமனார் வீட்டு அழைப்புக்கு அன்று சாயங்காலமே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நான் எண்ண உட்கார்ந்தேன்.

புரட்டிப் பார்த்து எண்ண வேண்டும் என்பது ஒரு சட்டம். பெருமாள் முகம் குப்புறக் கிடக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். மற்றவர்கள் சாமி படத் தாளை ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார்கள். நான் அதுவும் செய்வதில்லை. வேற்று மதத்துக்காரி, பெருமாளைக் கவிழ்த்தாள் என்று பேர் வந்துவிடக் கூடாது என்று பயம். முகத்தைப் பார்த்தபடியே விரலால் தள்ளித் தள்ளி எண்ணிவிடுவேன்.

அச்சில் அழுந்திய எழுத்து விரலுக்குத் தெரியும். சில தாள் போகும்போது அடியில் சொரசொரப்பாக இருந்தது. என் விரல் சொன்னது. நான் கேட்கவில்லை. அப்படியே கட்டிவிட்டேன்.

பழி விழுந்த இடம்

இனி காரியதரிசி வாசலில் நின்ற காலைக்கு வருகிறேன்.

முதலாளி அந்தத் தாளை வாங்கிப் பின்பக்கத்தை ஒரு முறை படித்தார். எடுக்கச் சொன்ன வரி அதில் அப்படியே இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“மாணிக்கம், இங்க வா. இந்த வரி எப்படி வெளியில போச்சு?”

மாணிக்கண்ணன் தாளைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அதன் பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது முதலாளி.”

“உனக்குத் தெரியாதா? நான் சொல்லி எடுக்க வெச்ச வரியைப் பெருமாள் முதுகுல ஏத்தி ஊரெல்லாம் அனுப்பிச்சுட்டியே. சாமியில்லாதவனை உள்ளே விட்டேனே, என்னைச் சொல்லணும்.”

“இவனைப் போல ஆளை வேலைக்கு வெச்சா இப்படித்தான்” என்றார் காரியதரிசி. பிறகு பொதுவாக, “வேத்து மதத்துக்காரா யாராவது இருக்காளா இங்க?” என்று உள்ளே கண்ணை ஓட்டினார்.

என் கையில் நூல் இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

“நாளையிலேர்ந்து வராதே” என்றார் முதலாளி.

மாணிக்கண்ணன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பாதி கோத்த ஒரு விசிட்டிங் கார்டு அவர் மேஜையில் இருந்தது. “இதுல ஒரு எழுத்து தலைகீழா நிக்குது, பாத்துக்கங்க” என்று இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. கிறிஸ்தவச்சி வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்லிவிடுவார்கள், எங்கள் தெருவுக்கே கெட்ட பேர் வரும் என்ற பயம் மீதி.

பேப்பரில் வந்தது

இரண்டு நாள் கழித்து ஊர்ப் பேப்பர் ஒன்றில் செய்தி வந்தது. பக்தர்கள் கொதிப்பு, நாத்திகர் சதி என்று தலைப்பு. அச்சகத்தைப் பக்தர்கள் முற்றுகையிட்டதாக எழுதியிருந்தார்கள். வந்தது காரியதரிசி ஒருவர்தான். அவரும் வரும்போது பிடித்த குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்பும் எனக்குப் பேப்பர் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. நான் அச்சகத்தில் இருந்தவள். பெருமாள் நோட்டீஸ் முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்துப் பெட்டியில் போடுவார்கள். மறுநாள் அதே ‘க’வும் அதே ‘ம’வும் சங்க நோட்டீஸில் போய் நிற்கும். ஈயத்துக்கு எது உண்மை என்று தெரியாது. அச்சானதே என்று ஒன்றை நம்புகிற பழக்கம் எனக்கு அப்போதே போய்விட்டது. இப்போது டிவியில் கத்துகிறவர்களைப் பார்த்தாலும் அந்த நினைப்புதான் வருகிறது.

நன்மை வாங்காத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை வாங்க, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்க, எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பாவத்தோடும் வாங்கக் கூடாது, சாப்பிட்டுவிட்டும் வாங்கக் கூடாது என்று சின்ன வயதில் கன்னியர் மடத்தில் சொல்லிக்கொடுத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து, பிரசவ நாள் தவிர, நான் நன்மை வாங்காமல் இருந்தது அன்றைக்குத்தான். சூசை கவனித்துவிட்டார். வெளியே வந்ததும் கேட்டார்.

“காலைல ஏதாச்சும் சாப்பிட்டுட்டியா?”

“இல்ல.”

“அப்ப ஏன் போகல?”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னேன். அவர் இருமிக்கொண்டே கேட்டார். வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“நீ போய்ச் சொன்னா வேலை போயிருமா?”

“போனாலும் போகும்.”

“மார்க்கெட்ல வெங்காயம் புடைக்க ஆள் எடுக்கிறாங்க, நான் கேட்டு வைக்கிறேன். எத்தனை ஞாயித்துக்கிழமை இப்படி உக்காந்திருப்ப?”

அவ்வளவுதான் சொன்னார். அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை.

ஸ்ரீரங்கத்தில்

அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். காவிரியில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் பஸ் மெதுவாகப் போயிற்று. இன்னும் மெதுவாகப் போகக் கூடாதா என்று இருந்தது.

முதலாளி வீடு சித்திரை வீதியில். நான் அதுவரை போனதில்லை. கோலத்தை மிதிக்காமல் படிக்குக் கீழே நின்றேன். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னார். முதலாளி ஈர வேட்டியோடு வந்தார்.

“என்னம்மா ஆரோக்கியம், இவ்வளவு தூரம்? ஆத்துக்காரருக்கு உடம்பு சரியில்லையா?”

“அந்தக் கட்டு நான் எண்ணினது முதலாளி.”

“எல்லாக் கட்டும் நீதானே எண்ணறே.”

“அதுல வேற தாள் இருந்தது எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியல, விரலுக்குத் தெரிஞ்சுது. பின்னாடி சொரசொரன்னு இருந்துச்சு. நான் புரட்டிப் பாக்கல. மாணிக்கண்ணன் ஒண்ணும் பண்ணல.”

அவர் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

“ஏன் புரட்டலே?”

“பெருமாள் முகம் குப்புற விழுந்துடும்னு.”

“உனக்குப் பெருமாள் இல்லையேம்மா.”

“உங்க சட்டம்தானே முதலாளி. எங்க மாதா படத்துக்கும் அதே சட்டம்தானே போட்டீங்க. அத நான் எப்படி மீறுறது?”

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் போட்ட சட்டம்தான் என் முதுகுல ஏறித்தா” என்று அவருக்கே சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, “இவளுக்கு மோர் கொடு, நான் சட்டை மாத்திண்டு வரேன்” என்றார்.

மோர் வந்தது. எனக்கென்று வேறு டம்ளரா, வீட்டு டம்ளரா என்று இப்போது யாராவது கேட்கலாம். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. தொண்டை காய்ந்திருந்தது, குடித்தேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தது.

உறையூரில்

முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு நேரே உறையூரில் மாணிக்கண்ணன் வீட்டுக்குப் போனார். மாணிக்கண்ணன் வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

“வாங்க முதலாளி. நாத்திகன் வீட்டுக்கு வர்றதுக்குப் பஞ்சாங்கம் இடம் குடுத்துச்சா?”

“ராகு காலம் முடிஞ்சுதான் கிளம்பினேன்” என்றார் முதலாளி. “தப்பு என் பேர்ல. வேலைக்கு வா.”

“வரேன். ஆனா அந்த பஜனைக்காரர் முன்னாடிதானே என்னை வெளிய போகச் சொன்னீங்க. அவர் முன்னாடியே இதையும் சொல்லணும்.”

முதலாளிக்கு அது கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

“நியாயம்தான். அழைச்சுண்டு வரேன். நீ மீதி முகத்தையும் மழிச்சுண்டு வா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் நின்றுவிட்டேன். மாணிக்கண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாய் வரவில்லை. அவரே பேசினார்.

“நீ எண்ணின கட்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தங்கச்சி. பிச்சை வெச்ச தாள், நீ கட்டின கட்டு. வேற எப்படிப் போகும்?”

“அப்ப ஏன் அண்ணே சொல்லல?”

“அந்த ஆளு வேத்து மதத்துக்காரர் யாராச்சும் இருக்காங்களான்னு தேடினாரே, நீ பாக்கல? உன் பேரச் சொல்லியிருந்தா உன்னோட சேத்து உங்க மாதாவையும் இழுத்திருப்பாரு. எனக்குத்தான் சாமியே கிடையாதே. எம்மேல போட்டா யாரும் கெட்டுப்போக மாட்டாங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து மீதி முகத்தை மழிக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு

முதலாளி சொன்னபடியே காரியதரிசியை அழைத்து வந்தார். அவர் மறந்துபோன குடையைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: “தப்பு என் பிரஸ்ஸோடது. நான் போட்ட சட்டத்தால வந்தது. மாணிக்கத்து மேல ஒரு குத்தமும் இல்லை.” என் பெயரைச் சொல்லவில்லை. காரியதரிசி யார் என்ன என்று எவ்வளவோ துருவினார். “என் பிரஸ்ஸோட தப்புன்னா என் தப்புதான் ஓய்” என்று முடித்துவிட்டார். பேப்பர்காரர்கள் இதைப் போடவில்லை.

அடுத்த வாரம் பிச்சை மாமனார் வீட்டிலிருந்து புது வேட்டியும் கன்னத்தில் சதையுமாகத் திரும்பி வந்தார். விஷயம் கேட்டு நாள் முழுக்கக் காலால் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. சாமி படத் தாளைக் குப்புற வைக்க வேண்டாம், ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும். பின்னால் எழுத்து இருந்தால் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு அங்கே வேலை பார்த்த வருஷமெல்லாம் நான் பெருமாளையும் மாதாவையும் பிள்ளையாரையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறையின் ஒரு துண்டு தெரியும்.

ஸ்ரீரங்கம் போய்ச் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினேன்.

சங்கத்தில் நான் சேரவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் மாணிக்கண்ணன் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவார், நான் வேண்டாம் என்பேன். வேலைநிறுத்தம் பற்றி என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. சாமி இல்லை என்று சொல்வதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் சாமி இல்லாத ஒருவர் என் சாமிக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்று வேலையை விட்டுப் போனார். சாமி உள்ள நான் குனிந்து நூல் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டையும் நான் ஒரே இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அவருக்கும் ஜெபிக்கிறேன். தெரிந்தால் சிரிப்பார்.

முதலாளி, மாணிக்கண்ணன், சூசை யாரும் இப்போது இல்லை. என் பெயர் இதுவரை வெளியே வரவில்லை. அந்தக் கட்டை எண்ணியவள் நான்தான் என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இப்போது எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. இது ஐம்பதுகளின் கடைசியா, அறுபதுகளின் தொடக்கமா என்று எனக்குத் திட்டமாகத் தெரியவில்லை. பஜனை ஆடிப்பெருக்குக்குத்தானா, ஆடிப்பூரத்துக்கா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. மாணிக்கண்ணனின் அந்த வரியும் நான் எழுதியது மாதிரியேதான் இருந்ததா, தெரியாது. திரும்பி வந்த தாள்கள் கொஞ்சம்தான். மீதி வீடுகளில் தங்கிவிட்டன. பெருமாள் படம் போட்ட தாளை யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். பழைய தோத்திரப் புத்தகத்துக்குள்ளோ, பெட்டிக்கு அடியிலோ அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து புரட்டிப் பார்த்து, பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.